இடது மணிக்கட்டு

மாவுக்கட்டு போடும்போது வீடு பற்றி எரிந்தாலும் கையை எடுக்க முடியாது. நனைத்த துணி ஐந்தே நிமிடத்தில் இறுகிவிடும். அதற்குள் எலும்பை நேராகப் பிடித்து, சுற்றி, தடவி முடித்தாக வேண்டும். அதனால் மேசைமேல் இருந்த கைபேசி மூன்றாவது தடவையாகத் துள்ளியபோதும் கட்டக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டு போடுகிற அக்கா, அதனால் கட்டக்கா. மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதுதான் பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்தால் யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி அவளுக்கே தோன்றும்.

"எடுங்கக்கா, யாரோ உயிரை விடுறாங்க," என்றார் மேசையில் படுத்திருந்த பெயின்டர். ஏணியிலிருந்து விழுந்தவர்.

"கையை ஆட்டாதீங்க. உயிரை விடுறவர் என் வீட்டுக்காரர்தான். டிப்போவுல யாராவது முறைச்சுப் பார்த்தாக்கூட எனக்கு நாலு தடவை போன் வரும்."

கட்டு இறுகிய பிறகு கையைக் கழுவிக்கொண்டு கூப்பிட்டாள். எதிர்முனையில் வணக்கம், விசாரிப்பு எதுவும் இல்லை.

"உன் பிள்ளையைத் துரத்திட்டானுங்க."

"எங்கேருந்து?"

"டீம்லேருந்து. வயசை மறைச்சு ஏமாத்திட்டானாம். பதினேழு தாண்டிடுச்சாம். நீ பெத்துப் போட்டப்ப வாசல்ல நின்னவன் நான், எனக்குத் தெரியாதா அவன் வயசு? ஏதோ ஸ்கேனாம். இடது மணிக்கட்டை எடுத்துப் பார்த்தாங்களாம், எலும்பு முத்திப்போச்சாம். இவனுங்க மூளைதான் முத்திப்போச்சு. கால்பந்துச் சங்கத்து ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். நீ வா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்."

இடது மணிக்கட்டு என்று கேட்டதுமே கட்டக்கா போனை வைத்துவிட்டாள். இப்போதுதான் கழுவிய கையை மறுபடியும் கழுவினாள்.

பையனுக்குப் பதினாறு வயதும் நான்கு மாதமும். நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் கோல்கீப்பர். கூட விளையாடுகிறவர்கள் அவனைச் சுவர் என்பார்கள். பதினாறு நாடுகள் மோதும் சர்வதேசப் போட்டிக்கு எட்டு நாளில் அணி விமானம் ஏற வேண்டும். இருபத்தொரு பேரின் இறுதிப் பட்டியல் இன்று மாலை ஆறு மணிக்குப் போகிறது. வீட்டில் மூன்று பேருக்கும் இது மனப்பாடம்.

அவளுக்கு மட்டும் இன்னொன்றும் மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன் பையன் பள்ளி மைதானத்தில் கையை ஊன்றி விழுந்தான். இடது மணிக்கட்டு. அப்போது கணவர் வேறு ஊர் டிப்போவுக்கு இரண்டு மாதம் மாற்றலில் போயிருந்தார். போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "பந்து பந்துன்னு கை காலை ஒடிச்சுக்கிட்டு வந்தான்னா, அன்னைக்கே பந்தை அடுப்புல போட்டுருவேன்." பஸ் ஓட்டுகிறவரின் குரல் அது. நூறு பேர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். பையன் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டான். அவளும்தான்.

குடும்பத்துக்கான மருத்துவ அட்டை கணவர் பெயரில். ஒரு சீட்டு போட்டாலும் அதன் நகல் அவருடைய டிப்போவுக்குப் போகும். அதனால் அவள் சீட்டே போடவில்லை. வெளிநோயாளிகள் எல்லோரும் போன பிறகு, எக்ஸ்ரே அறையில் இருந்தவரிடம் கெஞ்சி ஒரு படம் எடுத்தாள். எலும்பின் வளரும் நுனியை ஒட்டி முறிவு. தானே கட்டினாள், நான்கு வாரம் கழித்துத் தானே அறுத்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது," என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். படத்தைக் கிழித்துப் போட்டாள்.

வளரும் நுனியில் முறிந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும். சில பேருக்கு அந்த இடம் முன்கூட்டியே மூடிக்கொள்ளும், எலும்பு வளராமல் நின்றுவிடும். அந்த மேசைக்கு வரும் ஒவ்வொரு அம்மா அப்பாவிடமும் விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொல்கிறவள் அவள். வராதவர்களை போன் போட்டுத் திட்டுகிறவள். தன் பிள்ளைக்கு அந்த ஆறாம் மாதத்தில் அவள் படம் எடுக்கவில்லை. கை நன்றாக ஆடியது, பந்தைப் பிடித்தான், அவ்வளவுதான்.

"அரை நாள் லீவு," என்று நர்சிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஆட்டோக்காரர்மேல் கோபப்பட்டாள். அவர் பாவம், சரியான வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்.

*

சங்கத்து அலுவலகம் மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்தது. தலைக்கு மேல் சாய்வான கான்கிரீட், குழல் விளக்கு, ஈரக் காலுறை வாடை. வாசலில் கணவர் சீருடையோடு நின்றார். பஸ்ஸை யார் கையில் விட்டுவிட்டு வந்தாரோ. பக்கத்தில் பெரிய பையின் மேல் பையன் உட்கார்ந்திருந்தான். அணியின் மேல்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது; வெறும் பனியனோடு இருந்தான்.

"எல்லார் முன்னாடியும் கழட்டச் சொன்னாங்களாம்," என்றார் கணவர். "என்னமோ திருடிட்டு வந்தவன் மாதிரி."

"குரூப்லேருந்தும் தூக்கிட்டானுங்க," என்றான் பையன், கைபேசியைப் பார்த்தபடியே. "அதுக்கு முன்னாடி ஒருத்தன் போட்டான், 'பெருசு, பேரனுக்கு எத்தனை வயசு'ன்னு. இருபது பேர் சிரிச்சிருக்கானுங்க."

அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். ஒரு நொடிதான். மறுபடியும் குனிந்துகொண்டான். அவன் எதையும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வா உள்ள," என்றார் கணவர். "இன்னைக்கு இவனுங்களை நான் கேக்குற கேள்வியில—"

"நான் கொஞ்சம் பேசணும்ங்க, முதல்ல."

"உள்ள வந்து பேசு."

செயலாளர் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் செயலாளர். நாற்பத்தைந்து வயது, இரண்டு கைபேசி, கண்ணில் தூக்கமில்லை. ஓரத்தில் அணியின் டாக்டர், சின்னப் பெண். மடியில் கோப்பு.

"உக்காருங்க சார்," என்றார் செயலாளர்.

"உக்காரறதுக்கு வரல. என் பையனுக்குப் பதினேழு முடிஞ்சிருச்சுன்னு எவன் சொன்னது?"

"ஸ்கேன் சொல்லுது சார். வளர்ற வயசுல மணிக்கட்டு எலும்பு நுனியில ஒரு கோடு தெரியும். வளர்ச்சி முடிஞ்சா கோடு மூடிடும். உங்க பையனுக்கு மூடிடுச்சு. இது எங்க ஊர் வழக்கம் இல்ல, போட்டி நடத்துறவங்க விதி."

"பிறந்த சான்றிதழ் கொடுத்திருக்கேன்ல?"

"சான்றிதழ்," என்று செயலாளர் அந்தச் சொல்லை நாக்கில் உருட்டிப் பார்த்தார். "போன தடவை மூணு பசங்களும் சான்றிதழ் வச்சிருந்தாங்க சார். ஒருத்தனுக்குக் கல்யாணமே ஆயிருந்துச்சு. அங்க போய் மாட்டி, மொத்த டீமையும் திருப்பி அனுப்புனாங்க. பதினெட்டு பசங்க ஒரு தப்பும் பண்ணாம அழுதுக்கிட்டே வந்தாங்க. நான்தான் போய் விமான நிலையத்துலேருந்து கூட்டிட்டு வந்தேன்."

அதில் பொய் இல்லை. அவர் முகம் அப்படிச் சொன்னது. அதனாலேயே கட்டக்காவுக்கு அவர்மேல் கோபம் கூடியது.

"அதுக்கு என் பிள்ளை என்ன செய்வான்?" என்றார் கணவர்.

செயலாளர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பையனுக்குக் காயம், அதனால விலகிக்கிறான்னு எழுதிக் கொடுத்துடுங்க. வயசு விஷயம் இந்த அறையோட போயிடும். இல்லன்னா ரெண்டு வருஷத் தடை. பேப்பர்ல பேர் வரும். யோசிச்சுப் பாருங்க."

"படாத காயத்தைப் பட்டுச்சுன்னு எழுதச் சொல்றீங்க." கணவரின் குரல் குழல் விளக்கைத் தொட்டது. "என் பையன் உடம்புல இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. உங்க பாரத்துல கேட்டிருந்தீங்களே, முன்னாடி எலும்பு முறிஞ்சிருக்கான்னு. இல்லன்னு எழுதி, கொட்டை கொட்டையா என் கையெழுத்தைப் போட்டிருக்கேன். எடுத்துப் பாருங்க. என் கையெழுத்து பொய் சொல்லுமா?"

டாக்டர் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கணவரின் கையெழுத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மாதிரி இருந்தது.

கட்டக்கா அதைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடும். திறக்காவிட்டால் பிள்ளை பொய்யனாகிவிடுவான். யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

"முறிஞ்சிருக்கு," என்றாள்.

கணவர் திரும்பினார். "என்னது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. நீங்க மாற்றல்ல போயிருந்தப்போ. இதே இடது கை. நான்தான் கட்டு போட்டேன்."

டாக்டர் கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? ரிக்கார்டு இருக்கா?" என்றாள் டாக்டர்.

"நான் வேலை பார்க்குற ஆஸ்பத்திரி. ரிக்கார்டு இல்ல. சீட்டு போடாம கட்டுனேன்."

செயலாளர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, அலுத்த சிரிப்பு. "ஏம்மா, ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் கீறல் இல்ல. காயம்னு நான் ஒரு வார்த்தை சொன்னதும் முறிவே வந்துடுச்சா?"

அந்த ஒரு கேள்விதான் அவளைக் கிளப்பியது. வாசல்வரை போய், "டேய், உள்ள வா," என்றாள். பையன் வந்தான். "ரெண்டு கையையும் மேசைமேல வை. உள்ளங்கை கீழ."

"மா, வேணாம்."

"வைடா."

வைத்தான். இரண்டு முன்கைகளையும் முழங்கையிலிருந்து ஒட்டவைத்து நேராக்கினாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் கைகளை இப்படி வைத்திருப்பாள். வலது கை நேராக இருந்தது. இடது கையில், சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. கை லேசாகக் கட்டைவிரல் பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டில் தினமும் அந்தக் கைக்குத்தான் சாப்பாட்டுத் தட்டை நீட்டுகிறாள்; கவனித்ததே இல்லை. எப்போதும் கையுறை, இல்லாவிட்டால் பட்டை சுற்றியிருப்பான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"பாருங்க டாக்டர். பக்கத்து எலும்பு வளர்ந்திருக்கு, இது வளராம நின்னுடுச்சு. வயசானா ரெண்டு கையிலயும்ல மூடணும்? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? ஒரு பிள்ளையைக் கிழவன்னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உங்களுக்கு இல்லையா?"

டாக்டரின் முகம் சிவந்தது. கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள், முட்டியிருந்த எலும்பை அழுத்தினாள். பிறகு கட்டக்காவை நிமிர்ந்து பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: "நான் அவன்கிட்ட மூணு தடவை கேட்டேன்மா. தனியா உக்கார வச்சுக் கேட்டேன். இந்தக் கை எப்பவாவது உடைஞ்சிருக்கான்னு. மூணு தடவையும் இல்லன்னான்."

கட்டக்கா பையனைப் பார்த்தாள்.

"நீதானே சத்தியம் வாங்கின," என்றான் பையன். சத்தமாகச் சொல்லவில்லை. "நேத்திலேருந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன். சட்டையைக் கழட்டுனப்பவும் மூடிக்கிட்டுதான் இருந்தேன். உனக்கு ஒரு போன் பண்ணி, சொல்லிடவான்னு கேக்கலாம்னு நினைச்சேன். போனை அவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க, வெளிய அனுப்புறப்பதான் திருப்பிக் கொடுத்தாங்க."

கணவர் வெளியே போனார். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு கதவை மெதுவாகச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

*

"வலது கையை ஸ்கேன் பண்ணலாம்," என்றாள் டாக்டர்.

"விதியில இடதுன்னுதான் இருக்கு," என்றார் செயலாளர்.

"இடது கையில பழைய முறிவு இருந்தா வலது எடுக்கணும்னும் இருக்கு சார். அடிக்குறிப்புல. பழைய முறிவுன்னு நான் எழுதணும்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். இவங்க எழுதிக் கொடுக்கட்டும்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை மணி. "எழுதிக் கொடுத்தா அது கோப்புல ஏறும்மா. ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் போகும். சீட்டு இல்லாம கட்டு போட்டதுக்கு உங்களை என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நல்லா யோசிச்சு எழுதுங்க."

"பேனா கொடுங்க."

ஒன்றரைப் பக்கம் எழுதினாள். எக்ஸ்ரே எடுத்தவரின் பெயரை எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவரை ஏன் இழுக்க வேண்டும். மற்றதெல்லாம் எழுதினாள். ஆறாம் மாதம் படம் எடுக்காததையும் எழுதினாள். யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

ஸ்கேன் மையம் இரண்டு தெரு தள்ளி. பையனை உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே வரிசையாக இருந்த இரும்பு நாற்காலிகளில் ஒரு கோடியில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"பேசுங்க," என்றாள்.

அவர் எதிர்ச்சுவரில் இருந்த, காந்தத்தின் பக்கத்தில் இரும்புப் பொருள் கொண்டுபோகாதீர்கள் என்ற பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நான்கு தடவையாவது படித்திருப்பார்.

"திட்டணும்னா திட்டிடுங்க. இப்படி உக்காராதீங்க."

"அங்க நின்னு மார் தட்டுனேன்," என்றார் அவர், பலகையைப் பார்த்தே. "என் கையெழுத்து பொய் சொல்லுமான்னு கேட்டேன். நீ பக்கத்துலயே நின்ன."

"சொல்ல விட்டீங்களா? வாசல்லயே பேசணும்னேன்ல?"

"வாசல்லயா? ரெண்டு வருஷம் இருந்துச்சுடி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பந்தை அடுப்புல போடுவேன்னுட்டுப் போன மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"கத்தியிருப்பேன்." இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நல்லாக் கத்தியிருப்பேன். நீயும் பதிலுக்குக் கத்தியிருப்ப. அவன் சாப்பிடாமப் படுத்திருப்பான். மூணாம் நாள் நானே அவனைக் கூட்டிட்டுப் போய் மைதானத்துல விட்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா? உனக்குத்தான் தெரியல. வீட்டுக்குள்ள ஒரு பூதம் இருக்குற மாதிரி ரெண்டு பேரும் என்னை வச்சிருந்திருக்கீங்க."

"பூதம் மாதிரி கத்துனா பூதம்னுதான் நினைப்பாங்க."

"அதுக்காக ஆறாம் மாசம் படம் எடுக்காம விட்டியே, அதுவும் என்னாலதானா?"

அது சரியான இடத்தில் போய்க் குத்தியது. அவள் எழுதிய தாளை அவர் டாக்டரிடமிருந்து வாங்கிப் படித்திருக்கிறார். அவளுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது, அவரை உலுக்கலாம் போலவும் இருந்தது.

"இல்ல," என்றாள். "அது நான்தான். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே என்னை வச்சுச் செஞ்சுக்குறேன்."

அவர் மறுபடி பலகையைப் படிக்கத் தொடங்கினார்.

ஐந்தே காலுக்கு டாக்டர் வந்தாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். வலது மணிக்கட்டு. எலும்பின் நுனிக்குக் கீழே கோடு தெளிவாக, திறந்து கிடந்தது. யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஓட்டுகிறவருக்கே தெரிந்தது.

"பதினேழு ஆகல," என்றாள் டாக்டர். "இப்பவே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். அம்மா, இந்தக் கையை வருஷா வருஷம் பார்க்கணும். சீட்டு போட்டு."

"போடுறேன்," என்றாள் கட்டக்கா.

பட்டியல் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போனது. பையனின் பெயர் இருபத்தொன்றாவதாக, கடைசியில் இருந்தது. செயலாளர் சட்டையை மடித்துப் பையனிடம் நீட்டினார். "சாரிப்பா," என்றார். பையன் வாங்கிக்கொண்டான், போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லார் முன்னாடியும்தான் கழட்டச் சொன்னீங்க சார்," என்றான். "கொடுக்குறப்பவும் எல்லார் முன்னாடியும் கொடுங்க."

செயலாளர் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்த மைதானத்தின் பக்கம் முன்னால் நடந்தார். பையன் பையைத் தோளில் போட்டான். அம்மாவைப் பார்த்து, "இனிமே என்கிட்ட எதுக்கும் சத்தியம் வாங்காத," என்றான். அப்பாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஓட்டுநர் கணவருக்குத் தெரிந்தவர். "என்னண்ணே, பின்னால உக்காந்து வர்றீங்க, அதிசயமா இருக்கே," என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விடவில்லை. பாதி இருக்கையில்தான் உட்கார முடிந்தது.

மூன்று நிறுத்தம் தாண்டியது.

"நாளைக்குக் காலையில பெரிய டாக்டரைப் பார்த்து நானே சொல்லிடப் போறேன்," என்றாள் அவள். "நகல் வர்றதுக்கு முன்னாடி."

"எத்தனை மணிக்கு?"

"எதுக்கு?"

"நானும் வரேன்."

"வந்து? கத்தக் கூடாது."

"கத்துவேன்," என்றார் அவர். "யார்கிட்டன்னு இன்னும் முடிவு பண்ணல."

"என்கிட்ட கத்துறதா இருந்தா வீட்லயே கத்திடுங்க. அங்க என் கூட வேலை பார்க்குறவங்க இருக்காங்க."

"வீட்ல கத்துறது தனி. அங்க கத்துறது தனி," என்றார் அவர். அதற்குள் குரல் ஏறிவிட்டது. முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். கட்டக்கா அவரை முறைத்த முறைப்பில், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.